வில்லின் அழுத்தமும் நாதஸ்வரத்தின் வழியும்: பின்னணி இசை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

குறும்படங்களுக்குக் கணினியில் இசையமைப்பது பற்றித் திருகோணமலையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். முதற் கேள்வியைப் பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்டிருப்பதால் அதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: நண்பர்களின் இருபது நிமிடக் குறும்படத்துக்கு, இலவசமாகக் கிடைக்கும் பிபிசி சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற பிளக்இன்னில் (இசை மென்பொருளுக்குள் இயங்கும் துணைச் செயலியில்) வயலின்களை வாசித்துப் பார்த்தேன். சுரங்கள் சரியாக இருந்தும் ஆர்மோனியம் போலவே கேட்கிறது. காசு சேர்த்துப் பெரிய ஒலி நூலகம் (வாத்தியங்களின் பதிவுத் தொகுப்பு) ஒன்றை வாங்கினால் இந்தக் குறை தீருமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: தீராது. நீங்கள் கையில் வைத்திருப்பது லண்டனின் மெய்டா வேல் ஒலிப்பதிவுக்கூடத்தில் உண்மையான வாத்தியக்காரர்கள் வாசித்துப் பதிந்த ஒலி. அதே குழுவின் பெரிய பதிப்புகளில் கூடுதலான மைக் நிலைகளும் வாசிப்பு முறைகளும் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் சொல்லும் குறை அங்கும் உங்களைத் தொடர்ந்து வரும்.

நீங்கள் அனுப்பிய மிடி கோப்பை, அதாவது எந்தச் சுரம் எப்போது எப்படி ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள் உள்ள கோப்பை, திறந்து பார்த்தேன். தாய் வாசலில் நின்று, மகன் போகும் படகைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்கு நான்கு பார் (தாள அளவு) எழுதியிருக்கிறீர்கள். மெட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் மொடியுலேஷன் வீலுக்குரிய (கீபோர்டின் ஓரத்தில் உள்ள சக்கரத்துக்குரிய) கோடு, முதற் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை 64 என்ற இடத்திலேயே கயிறு கட்டியதுபோல் நேராகக் கிடக்கிறது. 1983இல் வெளிவந்த மிடி முறையில் இந்தக் கட்டுப்பாட்டுக்கு 0 முதல் 127 வரை 128 படிகள் இருக்கின்றன. நீங்கள் அவற்றில் ஒன்றை மட்டுமே தொட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கோட்டை 35இல் தொடங்கி, மூன்றாம் பாரின் நடுவில் 90 வரை மெல்ல ஏற்றி, படகு திரும்பும் இடத்தில் 20 வரை இறக்கினேன். சுரங்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அருகிலிருந்து கேட்ட என் மகள், இது வேறு வயலினா என்று கேட்டாள்.

பியானோவிலும் ஆர்மோனியத்திலும் பழகிய கைக்கு ஒரு சுரம் என்பது அழுத்தியதும் பிறந்துவிடுகிறது. வில் வாத்தியத்திலோ சுரம் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வில்லை மெதுவாக இழுத்தால் ஒலி தணிவதோடு நில்லாமல் மங்கலாகவும் ஆகிறது, அழுத்தி இழுத்தால் உரப்பதோடு கூர்மையும் கொள்கிறது. நல்ல நூலகங்களில் ஒரே சுரத்தைப் பல அழுத்தங்களில் வாசிக்கச் செய்து தனித்தனியே பதிந்திருப்பார்கள். மொடியுலேஷன் வீல் அந்தப் பதிவுகளுக்கிடையே நகர்கிறது. 11ஆம் எண் கட்டுப்பாடான எக்ஸ்பிரெஷன் பெரும்பாலும் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைப்பவர்களே அதிகம். வலது கை சுரத்தை வாசிக்கும்போதே இடது கை வீலில் இருக்கட்டும், அல்லது வாசித்து முடித்தபின் வீலை மட்டும் தனியாக இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். கணினி மவுஸால் கோடு வரைவதைவிட, பாடிக்கொண்டே விரலால் நகர்த்துவது பல மடங்கு மேல்.

ஆர்மோனியம் போலக் கேட்பதற்கு இன்னொரு காரணம், நீங்கள் ஆர்மோனியம் வாசிப்பதுபோலவே வாசித்திருப்பதுதான். வயலின் குழுவின் ஒலியில் மூன்று சுரங்களை ஒருசேர அழுத்தியிருக்கிறீர்கள். குழுவில் 16 பேர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஒரு விரலுக்கு 16 பேராக 48 பேரை உட்கார்த்தி வைத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாக முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ (இவை இரண்டும் வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வில் வாத்தியங்கள்) என்று நான்கு ட்ராக் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரியை, ஒருவர் தனியே பாடினாலும் பொருள்படும்படி எழுதுங்கள். நான்கு வரிகளும் ஒரே கணத்தில் தொடங்கும்படி கணினியில் நேராக்கிவிட வேண்டாம். செல்லோ ஒரு மயிரிழை பிந்தி வருவதால் எவருக்கும் நட்டமில்லை.

நூலகம் வாங்கச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, ஊரில் வயலின் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, மேல்வரியை மட்டும் அவரைக்கொண்டு வாசித்துப் பதிந்து, கணினி வயலின்களின் மேல் மெலிதாகச் சேருங்கள். காது அந்த ஒரு மனித வில்லைப் பற்றிக்கொண்டு, பின்னால் இருப்பவை அனைத்தையும் மனிதர் என்றே நம்பிவிடுகிறது. பெரிய படங்களுக்கு இசையமைப்பவர்களும் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது.

கேள்வி: பத்து ட்ராக்குக்கு மேல் போனால் கணினி ‘படபட’ என்று பொரிகிறது. புதிய கணினி வாங்குவதைத் தவிர வழியில்லையா? (மாணவர், கிண்ணியா)

பதில்: இருக்கிறது. கணினி ஒலியைச் சிறு துண்டுகளாகக் கணித்து அனுப்புகிறது. ஒரு துண்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். வினாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவெடுப்புகள்) என்ற கணக்கில், 128 மாதிரிப் பஃபர் என்றால் துண்டு ஒன்றைக் கணித்து முடிக்கக் கணினிக்கு ஏறத்தாழ 2.7 மில்லிவினாடி கிடைக்கிறது, 1024 என்றால் 21 மில்லிவினாடி. நேரம் போதாதபோதுதான் அந்தப் பொரிச்சத்தம் எழுகிறது. வாசித்துப் பதியும்போது சிறிய பஃபரையும் மிக்ஸிங் செய்யும்போது பெரியதையும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த ட்ராக்குகளை ‘ஃப்ரீஸ்’ செய்து ஒலிக்கோப்பாக மாற்றிவிட்டால், அவற்றின் பாரம் கணினியை விட்டு இறங்கிவிடும். விண்டோஸில் வேலை செய்பவராக இருந்தால் அசியோ ட்ரைவர் (ஒலியைத் தாமதமின்றி அனுப்ப உதவும் மென்பொருள்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நூலகங்களைப் பழைய சுழல்தட்டில் (ஹார்ட் டிஸ்க்கில்) வைத்திருந்தால் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றுக்கு மாற்றுவது, புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்குக்கே முடியும்.

நண்பர் ஒருவர் ‘கிராக்’ பதிப்புகளை, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளைத் தருவதாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்; அவை வேண்டாம். பிறர் உழைப்பு என்பது ஒருபுறம் இருக்க, அவற்றோடு வரும் வைரஸ் உங்கள் ஒரு வருட வேலையை ஒரே இரவில் கொண்டுபோய்விடும். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் லாப்ஸ், டிசென்ட் சாம்ப்ளர் ஆகிய வாத்திய பிளக்இன்கள் நேர்வழியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: எங்கள் ஆவணப்படத்தில் கோணேசர் கோயில் மலையுச்சிக் காட்சிக்கு நாதஸ்வரம் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய நாதஸ்வர சாம்பிள், திருவிழாக் கடையில் விற்கும் ஊதுகுழல் போல ஒலிக்கிறது. பிட்ச் வீலால் (சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரத்தால்) கமகம் கொடுத்தால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, நிலாவெளி)

பதில்: உங்கள் காது சரியாகவே சொல்கிறது, அதை நம்புங்கள். சாம்பிள் என்பது ஓரிடத்தில் நிற்கும் சுரத்தின் பதிவு. நம்முடைய இசையில் சுரம் நிற்பதைவிடப் போவதே அதிகம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொண்டால், அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்து அசைந்து தன்னைக் காட்டுகிறதே தவிர, ஒரு கட்டையில் உட்கார்ந்து காட்டுவதில்லை. நாதஸ்வரத்தில் விரல்துளைகள் ஏழுதான். மற்றச் சுரங்களையும் அவற்றுக்கிடையே உள்ள வழிகளையும் வித்துவான் மூச்சாலும் சீவாளியின்மேல் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டின்மேல்) உதட்டின் பிடியாலும் உண்டாக்குகிறார். பிட்ச் வீலோ பதிவை முழுதாகவே மேலும் கீழும் இழுக்கிறது. அப்போது சுருதி மட்டுமன்றிக் குழலின் மரத்துக்கும் அணசுக்கும் (விரிந்த அடிப்பகுதிக்கும்) உரிய அதிர்வும் சேர்ந்து நகர்வதால், குழலே சுருங்கி விரிவதுபோல் ஒரு பொய்த்தன்மை வந்துவிடுகிறது. ஊதுகுழல் போல ஒலிப்பதன் காரணம் இதுவே.

ஆகவே வித்துவான் ஒருவரை அழைத்துப் பதிவு செய்யுங்கள். திருகோணமலையில் நாதஸ்வரம் கேட்காத கிழமை உண்டா? அவருக்கு உரிய சன்மானத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கொங்கிரீட் அறைக்குள் உட்கார வைக்காமல், காற்று எழுவதற்கு முன்னான காலையில், மரங்கள் உள்ள வளவில் பதியுங்கள். ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, துளைகளிலிருந்தும் வருகிறது என்பதால், மைக்கை அணசின் வாய்க்கு நேராகப் பிடிக்காமல், ஆறேழு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியை நோக்கிச் சற்று உயர்த்தி வையுங்கள். பதிவின் உச்சம் −12 டெசிபலைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால், அவர் திடீரென்று எழுப்பும் மேல்ஸ்தாயி உடையாது. முதலில் சுருதியை ஒரு நிமிடம் தனியே பதிந்துகொண்டு, கணினியிலுள்ள தம்புராவையும் ஸ்ட்ரிங்ஸையும் (வயலின் முதலிய வில் வாத்தியங்களையும்) அவருடைய சுருதிக்குச் சேருங்கள். மேற்கத்திய இசையின் பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு அவரை இழுக்க நினைப்பது வீண் வேலை.

ரிவேர்ப் (அறையின் எதிரொலிப்பு) பற்றியும் ஒரு சொல். கொன்வொலூஷன் வகை ரிவேர்ப், ஓர் உண்மையான இடத்தில் எழுப்பிய ஒலி எப்படி மறைகிறது என்பதைப் பதிந்து, அந்த இடத்தையே உங்கள் வாத்தியத்தைச் சுற்றி நிறுத்துகிறது. ஒரு பாடசாலை மண்டபத்தில் பலூனை உடைத்துப் பதிந்தாலே பயன்படுத்தத்தக்க ஒரு பதிவு கிடைத்துவிடும். ஆனால் உங்கள் காட்சி சுவாமிமலை விளிம்பில் நடக்கிறது. அங்கே முன்னால் கடல், மேலே வானம், ஒலியைத் திருப்பித் தரச் சுவர் எதுவும் இல்லை. ஐரோப்பியத் தேவாலயத்தின் ஐந்து வினாடி ரிவேர்ப்பைப் போட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் படம் பொய் சொல்வது தெரிந்துவிடும். நாதஸ்வரத்தை உலர்வாகவே விடுங்கள். கீழே பாறையில் அலை மோதும் ஓசையையும் காற்றையும் இரு பக்கமும் அகலமாகப் பரப்புங்கள். இடம் தானாக உண்டாகும். கமரா கோயில் மண்டபத்துக்குள் நுழையும் கணத்தில் மட்டும் ரிவேர்ப்பைத் திறந்தால், உள்ளே வந்துவிட்டோம் என்பதைக் காதே சொல்லிவிடும்.

கேள்வி: இசை வசனத்தை மூடுகிறது என்று இயக்குநர் சொல்கிறார். போதாததற்கு, நான் அனுப்பிய இசை படத்தோடு பொருந்தாமல் தள்ளித் தள்ளிப் போகிறதாம். (வாசகர், மூதூர்)

பதில்: பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் தங்கியிருக்கிறது. புல்லாங்குழலும் வயலினும் மெட்டு வாசிக்கும்போது முட்டிக்கொள்வது அங்கேதான். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈகியூ பிளக்இன்னால் அந்தப் பகுதியைச் சற்றுக் குறைக்கலாம். அதைவிட, வசனம் வரும் இடத்தில் மெட்டைச் செல்லோவுக்குக் கொடுப்பதோ மெட்டையே நிறுத்திவிட்டு ஒரு நீண்ட சுரத்தில் காத்திருப்பதோ நல்லது. இசையை ஒரே கோப்பாக அனுப்பாமல் தாளம், ஸ்ட்ரிங்ஸ், தனி வாத்தியம் என்று ஸ்டெம்களாகப் பிரித்து அனுப்பினால், கடைசி மிக்ஸிங்கில் தேவையானதை மட்டும் தணிக்க முடியும்.

தள்ளிப் போவதற்குக் காரணம் அநேகமாகச் சட்டக வேகம்தான், அதாவது படம் வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்களாக ஓடுகிறது என்பது. என் முதற் குறும்படத்தில் நானும் இதில் அடிபட்டேன். வினாடிக்கு 24 சட்டகம் என்று எண்ணி நான் இசையமைத்த பத்து நிமிடப் படம், கடைசியில் 25 சட்டக வேகத்தில் ஓடியது. 600 வினாடி 576 ஆகிவிட்டது, முடிவில் இசை 24 வினாடி பின்தங்கி, பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் அழுதுகொண்டிருந்தது. வேலையைத் தொடங்குமுன் படத்தொகுப்பாளரிடம் சட்டக வேகத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் திட்டத்தை 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமையுங்கள். படத்தின் முதற் சட்டகத்துக்குச் சரியாக 2 வினாடி முன்னால், ஒரே ஒரு சட்டக நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் ‘பீப்’ ஒன்றை எல்லா ஸ்டெம்களிலும் வைத்து அனுப்புங்கள். படத்தொகுப்பாளர் தம் பக்கத்துப் பீப்போடு அதைச் சேர்த்து வைத்த பிறகும் இசை தள்ளிப் போனால், அந்தக் கோப்பையும் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.