மைக்ரோஸ்கோப்பை உருவாக்கிய கைகள்

கேள்வி: மைக்ரோஸ்கோப் வரலாறு என்றால், 17ஆம் நூற்றாண்டில் அதன் வழியே நுண்ணுலகைப் பார்த்துச் சொன்ன ஹூக், லீவன்ஹூக் இருவரோடு முடித்துவிடுகிறார்கள். கருவி செய்த பட்டறைக்காரர்களுக்கு அதில் பங்கே இல்லையா?

பதில்: நிறையவே உண்டு. லீவன்ஹூக் மட்டும் இதில் சேரமாட்டார். துணி வியாபாரியான அவர் லென்ஸையும் தானே தேய்த்து, உலோகத் தகடுகளுக்கு நடுவே தானே பொருத்திக்கொண்டவர். ஹூக்குக்குக் கருவி செய்து கொடுத்தவர் லண்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் காக் என்பதுதான் பொதுவான கருத்து. டெலஸ்கோப் செய்து பழகிய கை என்பதால், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அட்டைக் குழாய், மேலே தோல் உறை என்ற அதே பாணி மைக்ரோஸ்கோப்புக்கும் வந்துவிட்டது.

லென்ஸைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் பட்டறைக்காரர்களின் மூளை அதிகம் வேலை செய்தது லென்ஸைத் தாங்கும் உடம்பில்தான் என்பேன். 1720களில் எட்மண்ட் கல்பெப்பர் செய்த மூன்று கால் கருவியைப் பாருங்கள்: அடியில் ஒரு குழியாடி, அதிலிருந்து வெளிச்சம் மேலே போய் மாதிரியை, அதாவது பார்க்க வைத்த பொருளை, ஊடுருவும். நல்ல யோசனை, நன்றாக விற்கவும் செய்தது. ஆனால் மாதிரியை நகர்த்தக் கையை நீட்டினால் கால் இடிக்கும். ஃபோகஸ் செய்யக் குழாயைக் கையால்தான் ஏற்றி இறக்க வேண்டும், அது ஒரே சீராக வராமல் வெடுக்கென்று நகரும், பார்த்துக்கொண்டிருந்த பூச்சியின் கால் மங்கிப்போகும், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். எரிச்சல் வராதா?

ஹென்றி பேக்கர் என்ற ஆய்வாளர் இந்தக் குறைகளையெல்லாம் ஜான் கஃப் என்ற பட்டறைக்காரரிடம் சொன்னார். 1744 வாக்கில் கஃப் செய்து காட்டியது முழுப் பித்தளைக் கருவி: மூன்று காலுக்குப் பதில் பக்கவாட்டில் தூண், கை தாராளமாகப் புழங்கும் மேடை, நுணுக்கமாக ஃபோகஸ் செய்யத் தனித் திருகு. குறை சொன்னது ஆய்வாளர், வழி கண்டது பட்டறை. மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். கஃப் வியாபாரத்தில் நொடித்துப்போனார்.

பட்டறையின் கைப்பழக்கம் மட்டும் போதாமல் போன இடமும் உண்டு. பிம்பத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும் கோளாறையும் அதன் கூடவே வரும் மங்கலையும் சேர்த்துக் குறைக்க லென்ஸ்களை எவ்வளவு தூரத்தில் அடுக்குவது என்று 1830இல் கணக்கோடு விளக்கியவர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், ஒயின் வியாபாரி! அப்புறம் அவரே உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கவும் கற்றுக்கொண்டு, அந்த முறையை லண்டன் பட்டறைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.