இசைக் கேள்வி – பதில்: ஊரிலிருந்து கொழும்புக்கு, ஜாஸ் வாசிக்க

கேள்வி: மகன் பாடசாலை பாண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறான். ஏ.எல். முடிந்ததும் கொழும்புக்குப் போய் ஜாஸ் வாசிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஊர்ப் பிள்ளைக்கு இது சரிவருமா?
– தாயார் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஊர்ப் பிள்ளை என்பது ஒரு குறையே இல்லை, அம்மா. அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி 1917-இல் தென் கரோலினாவின் செரோ என்ற சிற்றூரில், ஒன்பது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பத்து வயதில் தகப்பனை இழந்தார். 1935-இல் பிலடெல்பியா, 1937-இல் நியூயோர்க். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1926-இல் வட கரோலினாவின் ஹாம்லெட்டில் பிறந்தவர். ஹை பாயிண்ட் என்ற ஊரில் தேவாலயப் பாட்டோடும் ஊர் பாண்டோடும் வளர்ந்து 1943-இல் பிலடெல்பியாவுக்குப் போனார். புகழ்பெற்ற ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது 1955-இல். இடையில் பன்னிரண்டு வருடம் இசைப் பள்ளி, கடற்படை பாண்ட், ஆட்டத்துக்கு வாசிக்கும் பாண்டுகள், பிறருடைய மேடைகள் என்று போனது. மகன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

ஊரில் இருக்கும் காலம்தான் அடித்தளம் போடுகிற காலம். தினமும் பதினைந்து நிமிடம் நீண்ட ஒற்றைச் சுரம். பன்னிரண்டு மேஜர் ஸ்கேல்களும் (சுர வரிசைகளும்) இசைத்தாள் பார்க்காமல் வர வேண்டும். பழைய கீபோட் ஒன்று எடுத்துக் கொடுங்கள். ட்ரம்பெட் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும், ஜாஸுக்கு நான்கு சுரம் சேர்ந்து ஒலிப்பது, அதாவது கோட் (chord), காதில் ஏற வேண்டும். கில்லெஸ்பியும் பியானோவில் உட்கார்ந்துதான் கோட்களைப் பிடித்தார். ட்ரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரித்தானிய இசைச் சபைகளின் பரீட்சைகள் இலங்கையிலும் நடக்கின்றன. ஐந்தாம் தரம்வரை தியரி படித்தால் இசைத்தாள் வாசிப்பு உறுதிப்படும். ஆனால் சான்றிதழைப் பார்த்து யாரும் மேடை தருவதில்லை.

ஒன்று மட்டும்: கில்லெஸ்பியின் படங்களைப் பார்த்துக் கன்னத்தை ஊதிக்கொண்டு வாசிக்க விடாதீர்கள். கன்னம் உப்பினால் உதட்டோரப் பிடி தளரும், மேல் சுரங்கள் உடையும்.

கேள்வி: நாகஸ்வரக் குடும்பம். ஒரு வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் பழகுகிறேன். பாண்டோடு சேர்ந்தால் சுருதி எப்போதும் ஏறி நிற்கிறது, ஒலியும் மெலிந்து கீச்சென்கிறது. வாத்தியம் பிழையா?
– வாசகர், அளவெட்டி

பதில்: பெரும்பாலும் வாத்தியம் பிழையாக இராது, உதடுதான். சீவாளியை (நாகஸ்வரத்தின் இரட்டை ரீட்) இரண்டு உதடாலும் இறுக்கிப் பிடித்துச் சுருதியை உதட்டாலேயே ஆளுவது நாகஸ்வரப் பழக்கம். சாக்ஸபோனில் ஒற்றை ரீட், ஒரே ஒரு நாணல் நாக்கு. அதைக் கடித்தால் மவுத்பீஸின் (ஊதுமுனையின்) வாய் மூடிக்கொள்ளும், சுருதி ஏறும், ஒலி ஒடுங்கும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதி, கைப்பேசி ட்யூனரைப் பாருங்கள். ஆல்டோவில் 'ஏ' (880 ஹேர்ட்ஸ்) வர வேண்டும். ஜாஸ் வாசிப்பவர்கள் அதற்குச் சற்றுக் கீழேயும் ஊதுவார்கள். அதற்கு மேலே ஏறினால் கடிக்கிறீர்கள். பிறகு வாத்தியத்தின் கழுத்தை (வளைந்த மேல்குழாயை) மட்டும் அதோடு பூட்டி ஊதினால் 'ஏ ஃப்ளாட்'. இந்த இரண்டும் நிலைக்கும்வரை முழு வாத்தியத்தை எடுக்காமல் தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். மேற்பல் மவுத்பீஸில் ஊன்றி நிற்கட்டும், கீழுதடு ரீட்டுக்கு மெத்தையாக மட்டும் இருக்கட்டும். ரீட்டின் கடினம் 2 அல்லது 2½ போதும். கடினமான ரீட் கடிக்கிற பழக்கத்தை வளர்க்கும்.

உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். கத்ரி கோபால்நாத் 1949-இல் கர்நாடகத்தின் ஒரு கிராமத்தில், நாகஸ்வரம் வாசித்த தகப்பனுக்குப் பிறந்தவர். இதே ஆல்டோவைக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்து, 1980-இல் மும்பை ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டியோடு வாசித்தார். 1994-இல் லண்டன் பி.பி.சி. ப்ரோம்ஸ் இசை விழா மேடைக்கும் போனார்.

கேள்வி: கல்பனாஸ்வரம் (அந்த இடத்திலேயே சுரம் கட்டுவது) நன்றாக வரும். ஆனால் கொழும்பில் ஒரு ஜாம் செஷனில் (ஒத்திகையில்லாமல் கூடி வாசிக்கும் இடத்தில்) 'பி ஃப்ளாட் ப்ளூஸ்' என்றார்கள், இரண்டு சுற்றுக்குள் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்களிடம் உள்ள மனோதர்மம், சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்கும் திறன், பெரிய மூலதனம். அதைப் போட வேண்டிய சட்டகம்தான் வேறு.

ப்ளூஸ் என்பது ஒரே சட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வாசிப்பது. அதன் ஒரு சுற்று பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), பாருக்கு நான்கு அடி, ஆக 48 அட்சரம். ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). எட்டு அட்சரத்துக்கு ஒரு சமம் என்றே எண்ணிப் பழகிய காதுக்கு எந்த ஆவர்த்தனத்தில் இருக்கிறோம் என்பது நழுவிவிடும், அங்கேதான் வழி தவறுகிறது. வாத்தியத்தைக் கீழே வையுங்கள். பி ஃப்ளாட்டை, அதாவது ஆறரைக் கட்டையை, ச என்று வைத்துக் கையில் தாளம் போட்டு அடிச்சுரத்தை மட்டும் பாடுங்கள். முதல் இரண்டு ஆவர்த்தனம் ச. மூன்றாவது ம. நான்காவது ச. ஐந்தாவதில் முதல் நான்கு அட்சரம் ப, அடுத்த நான்கு ம. ஆறாவது ச. பேசிக்கொண்டே தாளம் போட்டாலும் இது தவறாத அளவுக்கு ஊற வேண்டும்.

அடுத்தது கோட்களின் உயிர்ச் சுரங்கள். ச-வில் நிற்கும்போது அந்தர காந்தாரமும் (பெரிய க) கைசிகி நிஷாதமும் (சிறிய நி). ம-வுக்கு மாறியதும் அந்தர காந்தாரம் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரமாகும், கைசிகி நிஷாதம் இறங்கிச் சதுச்ருதி தைவதமாகும். ப-வில் காகலி நிஷாதமும் சுத்த மத்யமமும். ஒரே ராகத்தில் நின்று ஆலாபனை செய்கிற மனம் இந்தக் காந்தார மாற்றத்தை எதிர்க்கும். எதிர்த்தாலும் விடாமல், ஒரு கோட்டுக்கு ஒரு சுரம் என்று இவற்றை மட்டும் நீட்டி வாசியுங்கள். அப்போது பியானோ இல்லாமலே கேட்பவர் காதில் கோட் மாறும். இதைவிட அழகான பயிற்சி ஜாஸில் வேறில்லை என்போம்.

இந்தச் சுரங்களில் கமகம் வேண்டாம். பியானோ அதே காந்தாரத்தை அசையாமல் பிடித்திருக்கும்போது நீங்கள் அசைத்தால் உரசும். கமகத்தைப் போகிற வழியில் வரும் சுரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்ஸபோனில் விரலின் சுரப்பெயரும் ஒலிக்கும் சுரமும் வேறு. ஆகவே ஆல்டோக்காரர் இதை வாசிக்கும்போது விரல் 'ஜி'யில் தொடங்கும், டெனர் என்றால் 'சி'யில். ஸ்விங் என்ற ஜாஸின் ஆடும் நடைக்குத் திஸ்ர நடை (ஓர் அடியை மூன்றாகப் பிரிப்பது) நினைவிருந்தால் போதும்: தகிடவில் 'தகி'யைச் சேர்த்து நீட்டி, 'ட'வை இலேசாகத் தொடுவது. வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து சமமாகும், வேகப் பாட்டிலும் திஸ்ரத்தையே பிடித்து நின்றால் ஓட்டம் நொண்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து அந்தத் தட்டை இரண்டாம், நான்காம் அடியாக எண்ணுங்கள். உங்கள் வேகம் 120.

கேள்வி: உலகப் பெயர் பெற்ற ஜாஸ்காரர் யாராவது கொழும்புக்கு வந்ததுண்டா?
– மாணவி, தெஹிவளை

பதில்: உண்டு. அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் 1958-இல் பியானோக் கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் குழுவும், 1963-இல் பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டனின் ஓர்கெஸ்ட்ராவும் வந்தன.

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அனெக்ஸ் ஒன்றில் இருக்கிறேன். பழைய சாக்ஸபோன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? வீட்டுக்காரர் கோபிக்காமல் எப்படிப் பழகுவது?
– வாசகர், கொழும்பு 6

பதில்: வெளிப்பூச்சு மங்கியிருந்தால் கவலை வேண்டாம், துளைகளை மூடும் மெத்தைகளான பேட்களைப் பாருங்கள். இருட்டறையில் சிறிய எல்.ஈ.டி. விளக்குச் சரத்தை உள்ளே இறக்கி ஒவ்வொரு சாவியாக (விரல் விசையாக) மெல்ல மூடுங்கள். விளிம்பில் வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும். அடிச்சுரமான தாழ் பி ஃப்ளாட்டை மெதுவாக ஊதச் சொல்லுங்கள், கரகரத்தால் கசிவு உறுதி. கழுத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது குழாய் கீழ்நோக்கி நசுங்கியிருந்தால் வாங்க வேண்டாம். கோர்க் தேய்ந்திருப்பது சின்னச் செலவு.

கடற்காற்று பித்தளையைவிட உருக்கு ஸ்பிரிங்குகளைத்தான் முதலில் தின்னும். துருப்பிடித்த ஸ்பிரிங் சொல்லாமல் முறியும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். சீனி போட்ட தேநீர் குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள், ஜி ஷார்ப் பேட் ஒட்டுவதற்குச் சீனி ஒரு முக்கிய காரணம். ஒட்டினால் சிகரெட் தாளை வைத்து அழுத்தி எடுங்கள். ரீட்களை மூன்று நான்காகச் சுழற்றி, கழுவி, தட்டையான கண்ணாடியில் காயவையுங்கள். ஈரத்தோடு மூடினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

சத்தத்தைக் குறைக்க வாய்ப்புனலில் (விரிந்த முனையில்) துவாயை அடைப்பது பயன் தராது. ஒலி பெரும்பாலும் துளைகள் வழியாக வெளியேறுகிறது, துவாய் அடிச்சுரங்களை மட்டும் கெடுக்கும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதற்குள் பார்த்தபடி வாசித்தால் ஓரளவு அடங்கும். முழு ஒலியோடு ஊத, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறையை வாரத்துக்கு இரண்டு முறை எடுங்கள். மற்ற நாட்களில் ஹெட்போனோடு கீபோட்டில் கோட் பழகலாம். கடற்கரை மணலுக்கு வாத்தியத்தைக் கொண்டுபோக வேண்டாம், ஒரு மணல் துகள் சாவிகளைத் தாங்கும் கம்பிக்குள் போனாலே சாவி இறுகிவிடும்.