முதல் ஸ்டீரியோ: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: முதல்முறையாக வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்கப்போகிறேன். தொகை குறைவு. ஸ்பீக்கருக்கு எவ்வளவு, ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: பாதிக்குக் குறையாமல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள், 60 சதவீதம் போனாலும் தப்பில்லை. அடுத்தது ஆம்ப்ளிஃபயர். பாட்டைக் கொடுக்கக் கையில் இருக்கும் போனோ கணினியோ போதும், அதற்கென்று இப்போதே எதுவும் வாங்க வேண்டாம். ஒயருக்கும் ஸ்டாண்டுக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

காரணம் எளிது. இன்று வருகிற சாதாரண ஆம்ப்கூட, அதன் சக்திக்குள் ஓட்டும்வரை, ஒலியில் சேர்க்கும் பிசிறு பெரும்பாலும் 0.1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சின்ன ஸ்பீக்கரோ உரக்க வைத்தால் பேஸில், அதாவது அடிஸ்தாயியில், மட்டுமே சில சதவீதம் பிசிறும். அதை அறைக்குள் வைத்து அளந்தால், ஒரு அதிர்வெண்ணில் பத்து டெசிபல் ஏறி இன்னொன்றில் பத்து டெசிபல் இறங்குவது சர்வசாதாரணம். இரண்டு ஆம்ப்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருப்பது பக்கத்து அறையிலிருந்தே தெரியும்.

ஒரே தொகைக்கு ஆளுயர ஸ்பீக்கரும் கிடைக்கும், ஷெல்ஃபில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரும் கிடைக்கும். முதல் செட்டுக்குச் சின்னதே மேல். உயரமான பெட்டியில் காசு மரப்பலகைக்கும், பேஸ் எழுப்பும் பெரிய கூம்புகளான வூஃபர்கள் கூடுதலாக வைப்பதற்கும் போய்விடும். மேல்ஸ்தாயியைத் தரும் ட்வீட்டரிலும், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரிலும்தான் செலவைக் குறைத்திருப்பார்கள். ஐந்து அங்குல வூஃபர் ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், ஆறரை அங்குலம் 45, 50 வரை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் பிறகு அடி பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபர் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குப் பிரித்துக்கொடுக்கலாம்.

தொகை மிகவும் சின்னதா? ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கரைப் பாருங்கள். தனித்தனியாக வாங்குவதைவிடக் காசுக்கு அதிகம் தரும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போனால் ஸ்பீக்கரும் சேர்ந்து படுத்துவிடும் என்பதுதான் குறை.

கேள்வி: ஒரு பெட்டியில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறது, அதைவிட விலை கூடிய இன்னொன்றில் 50 வாட். எதை நம்புவது?

பதில்: ஐம்பதை. ஆயிரம் என்பது பெரும்பாலும் பிஎம்பிஓ என்ற கணக்கு. அதற்கு நிலையான அளவுமுறையே கிடையாது, அச்சடிப்பவர் மனம்போல் ஏறும். நீங்கள் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்: ‘ஒரு சேனலுக்கு இத்தனை வாட் ஆர்எம்எஸ், 8 ஓம், இரண்டு சேனலும் ஓடும்போது, பிசிறு 0.1 சதவீதம்’. சேனல் என்பது இடது, வலது என ஒரு பக்கம்; ஆர்எம்எஸ் என்பது தொடர்ந்து தரும் சக்தி. பிசிறு 10 சதவீதம் என்று போட்டிருந்தால் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் கேட்கும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கரும் சுவர்களும் கொடுக்கும் உதவியைச் சேர்த்து ஏறக்குறைய 81 இருக்கும். நிதானமாகப் பாட்டுக் கேட்பது 70, 75 டெசிபலில். ஆக, பெரும்பாலான நேரம் ஓடுவது ஒரு வாட்டுக்கும் கீழே! தாளவாத்தியம் சட்டென்று எழும்பும் இடங்களுக்கு 15 டெசிபல் இடம் விட்டால் 90. அதற்கு எட்டு வாட் போதும். முப்பது வாட் ஆம்ப் வீட்டு அறைக்குத் தாராளம்.

ஐம்பதை நூறாக்கினால் கூடுவது வெறும் மூன்று டெசிபல். அதே மூன்று டெசிபலை, 86-க்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்ப்பைத் தொடாமலே பெற்றுவிடலாம். ஒரு எச்சரிக்கை: 4 ஓம் ஸ்பீக்கர்களில் இந்த எண்ணை 2.83 வோல்ட்டுக்குச் சொல்வார்கள். 8 ஓமில் அது ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். ஒப்பிடும்போது 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து மூன்றைக் கழியுங்கள்.

கேள்வி: உள்ளங்கையளவு கிளாஸ் டி ஆம்ப் வாங்கினேன். இரண்டு சேனலுக்கும் தலா 100 வாட் என்கிறார்கள். கூட வந்த அடாப்டர் 24 வோல்ட், 3 ஆம்பியர். ஸ்பீக்கர் 8 ஓம். சத்தம் கூட்டினால் கரகரக்கிறது.

பதில்: ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள். 24-ஐ 24-ஆல் பெருக்கி, ஓமின் இருமடங்கான 16-ஆல் வகுத்தால் 36. இந்த மின்னழுத்தத்தில் 8 ஓமுக்கு ஒரு சேனலில் 36 வாட்டுக்கு மேல் வர வழியே இல்லை. அதற்கு மேல் கூட்டினால் அலையின் முகடு வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் கரகரப்பு. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் கணக்கு 72 வாட் காட்டும், ஆனால் அடாப்டரே மொத்தம் 72 வாட்தான் தரும். அதை இரண்டு சேனலும் பங்கிட வேண்டும்.

எட்டு ஓமில் நூறு வாட் வேண்டுமானால் 40 வோல்ட் தேவை. ஆம்ப்பின் பின்புறம் அதிகபட்ச மின்னழுத்தம் அச்சிட்டிருக்கும். அதற்குள் அடங்கும் அடாப்டர் மட்டும் வாங்குங்கள். மீறினால் சிப் கருகும். கரகரப்போடு தொடர்ந்து ஓட்டவும் வேண்டாம். வெட்டுப்பட்ட அலையில் மேல்ஸ்தாயி சக்தி பெருகி, முதலில் ட்வீட்டர் போகும்.

கேள்வி: ஸ்பீக்கர் ஒயர் எந்த அளவில் வாங்குவது?

பதில்: ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போய்த் திரும்பும் பத்து மீட்டருக்கும் சேர்த்து அதன் தடை சுமார் 0.12 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. பத்து மீட்டர் என்றால் 2.5. செம்பு பூசிய அலுமினிய ஒயரும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தடை ஒன்றரை மடங்கு. நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். விலையுயர்ந்த ஒயருக்குப் போகும் காசை ஸ்பீக்கரில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல ஸ்பீக்கர்தான், ஆம்ப்பும் போதுமானது. ஆனாலும் பேஸ் இல்லை. சப்வூஃபர் வாங்கட்டுமா?

பதில்: பொறுங்கள். காசு செலவில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது ஒயர். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று விழுங்கிவிடும். குரலும் நடுவில் நிற்காமல் அறையெல்லாம் சிதறும். ஒயர் நிறத்தில் சந்தேகம் என்றால் ஆம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் நுனியில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் தொடும் ஒயர்தான் ஸ்பீக்கரின் சிவப்பு முனை என்றால் கூம்பு வெளியே துள்ளும்.

இரண்டாவது, நீங்கள் உட்காரும் இடம். நான்கு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அலை இரு சுவருக்கும் இடையே நின்றுவிடும். சுவரோரம் அது பலமாகவும் அறையின் சரிநடுவில் கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கும். நாற்காலி சரிநடுவில் கிடந்தால் எத்தனை சப்வூஃபர் வைத்தும் அந்த அதிர்வெண் காதுக்கு எட்டாது. பாட்டை ஓடவிட்டு, முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். அரை மீட்டரில் வேறு ஸ்பீக்கர் மாதிரி தோன்றும்.

மூன்றாவது, பின்சுவர். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 86 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், பின்னால் போய்த் திரும்பும் 100 ஹெர்ட்ஸ் அலை நேராக வரும் அலையைத் தின்றுவிடும். ஆண்குரலின் கனமே அந்தப் பக்கம்தான். சுவருக்கு அருகே நகர்த்த நகர்த்த இந்தக் குழி மேல் அதிர்வெண்ணுக்குப் போகும், அடி பேஸும் கூடும். ரொம்ப ஒட்டினால் கொழகொழத்துவிடும். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கருக்குக் குறைந்தது பத்து, பதினைந்து சென்டிமீட்டர் விடுங்கள். மூலையில் திணிக்காதீர்கள்.

ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைந்தால் நல்லது. இதையெல்லாம் செய்தபிறகும் பேஸ் போதவில்லை என்றால், தாராளமாக சப்வூஃபர் வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஆம்ப், பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா?

பதில்: குறைந்த காசுக்கு அதைவிட நல்ல வழி இல்லை, சோதித்து வாங்கினால். ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள்.

ஸ்பீக்கரில் முதலில் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ரப்பர் என்றால் பல ஆண்டு தாங்கும். ஃபோம் என்றால் பத்து, இருபது ஆண்டில் விரல் பட்டாலே உதிரும். மாற்றலாம், அந்தச் செலவை விலையில் குறையுங்கள். கூம்பை இரண்டு பக்கமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே கம்பிச்சுருள் தட்டுகிறது, வேண்டாம். இரண்டு முனைக்கும் மீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும். 4 ஓம் மூன்றுக்குச் சற்று மேல். இந்த அளவு ட்வீட்டரைப் பற்றிச் சொல்லாது. அதற்குப் பாட்டைப் போட்டு, காதை அருகே கொண்டுபோக வேண்டும்.

ஆம்ப்பில் ஸ்பீக்கரை மாட்டும் முன், வால்யூமைச் சுழியில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி (நேர்மின்) மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். 50-க்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் அது உங்கள் வூஃபரை எரித்துவிடும். வால்யூம் குமிழ் கரகரப்பது பெரிய விஷயமில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். ஒரு சேனல் மங்கி, சத்தம் கூட்டியதும் திரும்பி வந்தால் பெரும்பாலும் ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்சான ரிலேயின் முனையில் அழுக்கு. இரண்டையும் பேரம் பேசப் பயன்படுத்துங்கள். வேறு நாட்டுக் கருவி என்றால் 110 வோல்ட்டா 220-ஆ என்று பின்புறத் தகட்டில் படித்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள்.

கேள்வி: ரெக்கார்டு பிளேயரை ஆம்ப்பில் இணைத்தால் சத்தம் ஈனஸ்வரத்தில் வருகிறது, அதுவும் மெலிசாக.

பதில்: ஊசி தருவது நான்கைந்து மில்லிவோல்ட், சிடி பிளேயர் தருவது இரண்டு வோல்ட். தவிர, இசைத்தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்தும் மேல்ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டுவார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வது ஃபோனோ சர்க்யூட். ஆம்ப்பில் ஃபோனோ என்று எழுதிய துளை இருந்தால் அதில் செருகுங்கள், இல்லையென்றால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். பிளேயரிலேயே ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருந்தால் லைனுக்குத் தள்ளி, சாதாரணத் துளையில் மாட்டினாலே தீர்ந்தது. லைனில் வைத்து ஃபோனோ துளையில் மாட்டினால் காது கிழியும். ம்ம்ம் என்று ரீங்காரம் வந்தால், பிளேயரிலிருந்து தொங்கும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்பின் பின்னுள்ள திருகில் கட்டுங்கள்.

கேள்வி: டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் கொடுத்தேன். சில நிகழ்ச்சிகளுக்குச் சத்தமே இல்லை.

பதில்: டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் ‘ஆட்டோ’விலோ ‘டால்பி’யிலோ இருக்கும். அந்த வடிவம் உங்கள் ஆம்ப்புக்குப் புரியாது. சாதாரண ஸ்டீரியோ வடிவமான ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள்.