மருத்துவமனைச் சீட்டே மகனுக்கு எதிராகிவிடுமா?

கேள்வி: 21 வயதாகும் என் மகனுக்குக் கஞ்சாப் பழக்கம் உண்டு. சிறு பொட்டலத்துடன் பிடிபட்டவனைக் காவல் நிலையத்தில் அடித்து, வழக்கும் பதிந்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். சிகிச்சைக்கு அழைத்துப் போனால் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தயங்காமல் அழைத்துப் போங்கள், அம்மா. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு உங்கள் மகனைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கைச் சந்திக்கும்போது, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றங்களுக்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோவுக்குக் குறைவானது. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். ஒருவேளை தண்டனை வரை போனாலும், 39ஆம் பிரிவின்படி அவனைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

விற்பவரையும் பயன்படுத்துபவரையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. காவல் நிலையம் பல வேளைகளில் பார்ப்பதில்லை. மருத்துவமனை ஓ.பி. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக எடுத்து வந்து நீட்டிய ஒரு தாயிடம், அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “ஊசி போடுற பயலுக்கு ஆஸ்பத்திரி ஒரு கேடா?” என்று காவலர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன்பின் அந்தப் பையன் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. சீருடையைக் கண்டால் ஒளிந்தான். ஒளிகிறவனிடம் எந்த மருத்துவர் போய்ச் சேர முடியும்? திட்டினால் திருந்துவான் என்று அந்தக் காவலர் உண்மையிலேயே நம்பியிருக்கலாம். ஆனால் போதை அடிமைத்தனம் ஒரு நோய். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதை மனநலப் பாதிப்புகளோடு சேர்த்து, சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது.

அடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொண்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மகன் போடக் கூடாது. காவல்துறையிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிரான சாட்சியமாக்க முடியாது.

ஓ.பி. சீட்டு முதல் டிஸ்சார்ஜ் சுருக்கம் வரை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். 64ஏ பிரிவில் மனுப் போட அவைதான் ஆதாரம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள்; கட்டணம் இல்லை.