வாசகர் கேள்வி–பதில்: ஆள் மாறியும் பெயர் மாறாத யெஸ்

சென்ற இதழில் யெஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி மலையின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அக்குழுவுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: யெஸ் குழுவைத் தொடங்கிய ஐவரில் ஒருவர்கூட இன்று அதில் இல்லை என்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயில், குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினோடு உதகைக்கு வந்து சேர்ந்தாலும் அதே ரயில்தானே? இசைக்குழுவுக்கும் இது பொருந்துமா?
– வாசகர், குன்னூர்

பதில்: எஞ்சின் மாறலாம். ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் ஓடும் பல்வரிசை இல்லாவிட்டால் அந்த ரயில் ஓரடிகூட மேலேறாது. யெஸ் குழுவுக்கு அந்தப் பல்வரிசை எது என்று கேட்டால், 2015 வரை விடை சொல்வது எளிது: கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிடார். அந்த ஆண்டு ஜூன் 27 அன்று அவர் இறக்கும்வரை, யெஸ் என்ற பெயரில் வெளிவந்த ஸ்டுடியோ ஆல்பங்களில் அவர் வாசிக்காதது ஒன்றுமில்லை.

1968-இல் லண்டன் சோஹோ பகுதியில் உள்ள ஒரு கிளப்பில் பாடகர் ஜான் ஆண்டர்சனும் ஸ்குவயரும் சந்தித்ததில் கதை தொடங்குகிறது. கிடாருக்குப் பீட்டர் பேங்க்ஸ், ஆர்கனுக்கு டோனி கே, டிரம்ஸுக்கு பில் புரூஃபோர்டு என்று ஐவரானார்கள். 1970-இல் பேங்க்ஸ் வெளியேற, ஸ்டீவ் ஹவ் வந்தார். மறு ஆண்டே டோனி கேயின் முறை. ஆர்கனும் பியானோவும் போதும் என்றிருந்த அவருக்கு, மெல்லோட்ரான், சிந்தசைசர் போன்ற புதுக் கருவிகளின் மீது நாட்டமில்லை. குழுவோ அவற்றைத்தான் விரும்பியது. அந்த இடத்துக்கு ரிக் வேக்மன் வந்த பிறகு 1971 இறுதியில் வெளியான ‘ஃப்ரஜைல்’ ஆல்பத்தைக் கேட்டால், ஆள் மாறியதைக் காதே சொல்லிவிடும். இந்தக் குழுவின் ஆள்மாற்றங்களை வெறும் சண்டைச் செய்தியாகப் படிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: ஒவ்வொருவரும் வரும்போது ஒரு புதிய ஒலியும் கூடவே வந்தது.

1972-இல் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பதிவு முடிந்த கையோடு, புரூஃபோர்டு கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார். ஒரு குழு புகழின் உச்சிக்கு ஏறும் வேளையில் அதை விட்டு இறங்குவதற்குத் தனித் துணிவு வேண்டும். பதிலுக்கு வந்த ஆலன் வைட், தாளக்கட்டு அடிக்கடி மாறும் அந்த நீண்ட உருப்படிகளை மூன்றே நாளில் மனத்தில் ஏற்றிக்கொண்டு அமெரிக்க மேடையில் அமர்ந்தார். 2022-இல் இறக்கும்வரை யெஸ் குழுவின் டிரம்மராகவே இருந்தார்.

1980-இல் ஆண்டர்சனும் வேக்மனும் ஒருசேர விலகியபோது, பாப் இசையில் பெயர்பெற்றிருந்த டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் உள்ளே வந்தார்கள். ஆண்டர்சனின் குரலை எதிர்பார்த்து வந்த பிரிட்டன் ரசிகர்களில் சிலர் ஹார்னைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். ஆனாலும் அந்த ஐவர் பதிவுசெய்த ‘டிராமா’ ஆல்பத்தில் ஸ்குவயரின் பேஸ் முன்னெப்போதையும்விட ஓங்கி ஒலிப்பதால், அது யெஸ் குழுவின் இசைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய குழுவில் மூத்தவர் 1970-இல் சேர்ந்த ஸ்டீவ் ஹவ். அவர்கள் பாடல்களைப் பழுதில்லாமல் வாசிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் உவமையிலேயே சொல்வதானால், அது குன்னூரைத் தாண்டி, பல்வரிசை இல்லாத பாதையில் ஓடும் ரயில்.

கேள்வி: பரமஹம்ச யோகானந்தரின் நூலைப் படித்துவிட்டு இவர்கள் ஓர் ஆல்பமே செய்தார்களாமே? அதில் நம் இசை இருக்கிறதா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: நூல் முழுவதையும்கூட அல்ல, அதில் வரும் ஓர் அடிக்குறிப்பை வைத்துச் செய்தார்கள். புரூஃபோர்டின் திருமண விருந்தில் கிங் கிரிம்சன் குழுவின் ஜேமி மியூர் சொல்லக் கேட்டு ஆண்டர்சன் அந்த நூலைக் கையில் எடுத்தார். ஜப்பான் பயணத்தின்போது, சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நால்வகையாகப் பிரித்துச் சொல்லும் அடிக்குறிப்பு அவர் கண்ணில் பட்டது. இரட்டை இசைத்தட்டுக்குப் பக்கங்கள் நான்கு. பக்கத்துக்கு ஒரு சாத்திரம் என்று வகுத்துக்கொண்டார். 1973 டிசம்பரில் வெளிவந்த ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ அப்படிப் பிறந்ததுதான்.

ராகமோ தாளமோ தேடிக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். நம்மிடமிருந்து போனது பாகுபாடு மட்டுமே. என் கருத்தில், அதன் நீளத்தைத் தீர்மானித்தது சாத்திரத்தைவிட இசைத்தட்டின் பக்கம்தான். பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் என்ற இடம் இருந்ததால் அதை நிரப்பினார்கள். முதற்பக்கமும் நான்காம் பக்கமும் தாங்குகின்றன. நடுவில் உள்ள இரண்டும் நீர்த்துத்தான் போயின. வேக்மனுக்கும் அதே எண்ணம். மான்செஸ்டர் கச்சேரியில், தமக்கு வேலை அதிகமில்லாத இடத்தில் மேடையிலேயே கீபோர்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டதாக அவரே பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். 1974-இல் விலகினார். சுவிட்சர்லாந்துக்காரரான பாட்ரிக் மொராஸ் அவ்விடத்தில் அமர்ந்து ‘ரிலேயர்’ ஆல்பத்தை வாசித்துக் கொடுத்தார். பிறகு வேக்மன் திரும்பி வந்தபோது செய்த வேலை வியப்பானது: ‘பேரலல்ஸ்’ என்ற பாடலுக்கு அவர் சுவிட்சர்லாந்தின் வெவே நகரத் தேவாலயத்தில் உள்ள பெரிய குழல் ஆர்கனை வாசிக்க, மற்றவர்கள் மான்ட்ரே நகர ஸ்டுடியோவில் இருந்தபடி தொலைபேசிக் கம்பி வழியே அவரோடு சேர்ந்து வாசித்தார்கள்.

கேள்வி: எண்பதுகளில் வானொலியில் கேட்ட ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ பாடலும் இவர்களுடையதுதானா? நம்ப முடியவில்லை.
– வாசகர், அரவங்காடு

பதில்: இவர்களுடையதுதான். ஆனால் யெஸ் பாடலாக அது தொடங்கவில்லை. 1981-இல் குழு கலைந்த பிறகு ஸ்குவயரும் வைட்டும், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டிரெவர் ராபின் என்ற கிடார் கலைஞரோடு சேர்ந்து ‘சினிமா’ என்ற புதுக் குழுவைத் தொடங்கினார்கள். டோனி கே மறுபடி வந்தார். பதிவு முடியும் தறுவாயில் ஆண்டர்சனும் வந்து பாடவே, பழைய பெயரைச் சூட்டிக்கொள்வதுதான் முறை என்றாயிற்று. இசைத்தட்டின் பட்டியல் எண்ணான ‘90125’ என்பதையே ஆல்பத்தின் பெயராக்கினார்கள். தயாரித்தவர், மூன்றாண்டுக்கு முன் மேடையில் கூச்சல் வாங்கிய அதே ஹார்ன். 1984 ஜனவரியில் அந்தப் பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பிறகு வழக்கறிஞர்களின் காலம். 1989-இல் ஆண்டர்சன், புரூஃபோர்டு, வேக்மன், ஹவ் நால்வரும் சேர்ந்தபோது யெஸ் என்ற பெயர் அவர்கள் கையில் இல்லாததால், தங்கள் நால்வர் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1991-இல் இரு தரப்பும் ‘யூனியன்’ என்ற ஆல்பத்தில் இணைந்து, எட்டுப் பேராக மேடையேறினார்கள். ஆல்பத்தை வெட்டி ஒட்டிய விதம் பிடிக்காத வேக்மன், கேட்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வருகிறது என்று சொல்லி அதற்கு ‘ஆனியன்’ என்றே பெயரிட்டார்.

கேள்வி: பெரியப்பாவின் அலமாரியில் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ எல்.பி. கிடைத்தது. அட்டையெல்லாம் பூஞ்சை. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முடியும். பூஞ்சை பிளாஸ்டிக் தட்டைத் தின்பதில்லை. காகித உறையையும், தட்டின் வரிப்பள்ளங்களில் தங்கிய அழுக்கையும் பற்றிக்கொண்டுதான் வளர்கிறது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வெயிலடிக்கும் நாளில் வாசலில் வைத்து மென்மையான தூரிகையால் அட்டையைத் தட்டிவிடுங்கள். தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துணியால், வரிகளின் போக்கிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது, நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படக் கூடாது. காய்வதற்காகத் தட்டை வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். பழைய உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதியது போட்டு, சுவரை ஒட்டாமல், நிமிர்த்தி அடுக்குங்கள்.

உங்கள் பிரதி விரிக்கும் அட்டையோடு இருந்தால், மடிப்பின் உட்புறத்தை முதலில் பாருங்கள்; ஈரம் தங்குவது அங்கேதான், ரோஜர் டீன் வரைந்த ஓவியம் இருப்பதும் அங்கேதான். வெளிப்புறம் வெறும் பச்சை. உள்ளே மலையுச்சியில் தளும்பும் ஏரி, நான்கு பக்கமும் விளிம்பு வழியே கொட்டும் அருவிகள். ஊற்று எங்கே என்று நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

கேள்வி: இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. எதில் தொடங்கலாம்?
– வாசகர், கூடலூர்

பதில்: ‘ஃப்ரஜைல்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘ரவுண்டபவுட்’டில் தொடங்குங்கள். ஹவ்வின் கிடார் தனியே முன்னுரை சொல்லி முடிக்க, ஸ்குவயரின் பேஸ் நுழையும் இடத்தில் பிடிபடாவிட்டால், இந்தக் குழு உங்களுக்கானதல்ல. பிடித்துப்போனால் அடுத்து ‘குளோஸ் டு தி எட்ஜ்’: 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும் முதற்பக்கத்தைப் பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள். இரட்டை இசைத்தட்டை அடுத்த மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.