சிக்கரிக்காரர் வாங்கிய பால்

கேள்வி: குஜராத்தில் குரியன் என்ற ஒரு தனி மனிதர் வந்ததால்தானே ஆனந்த் பால் கூட்டுறவு உருவாகி, கலப்படமில்லாத பாலும் வெண்ணெயும் ஜனங்களுக்குக் கிடைத்தன? நமக்கு மட்டும் அப்படி ஒருவர் ஏன் வாய்க்கவில்லை?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கலப்படம் என்று எழுதிவிட்டீர்கள். இனி சிக்கரியைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் கட்சி தெரியும். காப்பிப் பொடியில் சிக்கரி சேர்க்கிறவர்களோடு எனக்குப் பல வருடப் பகை. 'கொஞ்சம் சேர்த்தால்தான் சார் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும்' என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் ஓயாமல் எழுதுகிறார். கெட்டியாக இறங்குவதுதான் முக்கியம் என்றால் ரோடு போடுகிற தாரை வாங்கி ஃபில்டரில் ஊற்றுங்கள் என்று நானும் பதில் போட்டேன். சந்தாவை நிறுத்துவதாக மிரட்டினார். அதையும் செய்யவில்லை, சிக்கரியையும் விடவில்லை.

சரி, ஆனந்துக்கு வருகிறேன். அந்தக் கதையில் வில்லன் யார் தெரியுமா? சத்தியமாக, ஒரு சிக்கரிக்காரர். பெஸ்டன்ஜி எடுல்ஜி தலால் என்ற பம்பாய் பார்சி. சின்ன வயதிலேயே காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிற கடை போட்டவர். சிக்கரியைக் கலந்து அதற்கு 'பிரெஞ்சு காப்பி' என்று பெயரும் வைத்தார். கலந்ததை ஒளிக்காமல் பிரான்ஸிலிருந்து பட்டம் வாங்கிக் கொடுத்த கெட்டிக்காரத்தனத்தை நான் மெச்சுகிறேன். கும்பகோணத்துக்காரருக்கு இது தோன்றவில்லை பாருங்கள். வெள்ளைக்காரர்களிடம் வியாபாரம் ஆக வேண்டுமே, கம்பெனிக்குப் பால்சன் என்று பெயர். காப்பியிலிருந்து வெண்ணெய்க்குத் தாவி, ராணுவத்துக்கு சப்ளை செய்து, ஆனந்தில் பெரிய டெய்ரியும் கட்டிவிட்டார். பம்பாய்ப் பக்கம் யாரையாவது காக்காய் பிடித்தால் 'பால்சன் தடவுகிறான்' என்பார்களாம். ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா?

1945-இல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் திட்டம் ஒன்று போட்டது. ஆனந்த் அப்போது இருந்த கேடா மாவட்டத்துப் பாலை 400 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி பம்பாய்க்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாலை வாங்கும் உரிமை பால்சனுக்கு மட்டும். அரசுக்கு நல்ல பால் கிடைத்தது, பால்சனுக்கு நல்ல லாபம் கிடைத்தது, எருமை வைத்திருந்தவருக்குப் பழைய விலையே கிடைத்தது. விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். அவர், கூட்டுறவு வையுங்கள், அரசு ஒத்துக்கொள்ளாவிட்டால் பாலையே கொடுக்காதீர்கள் என்று சொல்லி மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946 ஜனவரி 4 அன்று சமர்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. அதன்பின் 15 நாள் பால்சனுக்கு ஒரு சொட்டுப் பால் போகவில்லை. பம்பாய் இறங்கிவந்தது. அதே வருடம் டிசம்பர் 14-இல் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. ஆரம்பத்தில் இரண்டே சங்கங்கள், நாளுக்கு 247 லிட்டர் பால். ஊர் ஊராக நடந்து சங்கம் சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்வந்தவர்.

இதுவரை குரியன் வரவேயில்லை, கவனித்தீர்களா? அவர் ஆனந்தில் கால் வைத்தது 1949 மே மாதம். அதுவும் சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போய்ப் படித்த கடனுக்காக, சர்க்கார் வெண்ணெய்ப் பண்ணையில் வேண்டாவெறுப்பாக. எப்போது கிளம்பலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தவரை, சங்கத்தின் ஓட்டை இயந்திரங்களைப் பார்த்துக்கொடுங்கள் என்று பிடித்து உட்காரவைத்தவர் திரிபுவன்தாஸ்தான். குரியன் சாதாரண ஆள் என்று நான் சொல்லவில்லை. எருமைப்பாலில் பவுடர் செய்ய முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கைவிரித்தபோது, செய்து காட்டிய தன் நண்பர் தலாயாவை ஆனந்துக்கு இழுத்துவந்ததே அவர்தான். 1955 அக்டோபர் 31-இல் நேரு வந்து அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஆனால் எல்லாம் ஒரே ஆள் செய்தது என்கிற பேச்சு மட்டும் எனக்கு ஆகாது. கட்-அவுட் வைத்துப் பழகிய நமக்குக் கதையிலும் ஒரே ஒரு ஆள்தான் வேண்டியிருக்கிறது. 1963-இல் மகசேசே விருது கொடுத்தவர்கள்கூட குரியன், திரிபுவன்தாஸ், பம்பாய்ப் பால் கமிஷனர் குரோடி என்று மூவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். குரியனுக்கும் குரோடிக்கும் ஏழாம் பொருத்தம் என்பது விருது கொடுத்த மணிலாவில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. இன்னொன்று: குரியனுக்குப் பால் பிடிக்காது, குடிக்கவும் மாட்டார்.

கலப்படமில்லாத வெண்ணெய் என்றீர்களே, அதிலும் சிக்கல். பால்சன், பாலேட்டைப் புளிக்கவிட்டு, உப்பைத் தாராளமாகப் போட்டு வெண்ணெய் எடுத்தார்கள். பம்பாயின் நாக்கு அதற்குப் பழகிவிட்டது. ஆனந்த் ஒன்றியம் அமுல் என்ற பெயரில் புதுப் பாலேட்டில் சுத்தமாக எடுத்து அனுப்பினால், சப்பென்று இருக்கிறது, வெள்ளை வெளேரென்று இருக்கிறது, இது என்ன வெண்ணெயா என்றார்கள். கடைசியில் அமுலும் உப்பு போட்டது, மஞ்சள் நிறம் சேர்த்தது. விற்பனை ஏறியது. கும்பகோணத்துக்காரர் இந்தப் பத்தியை வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ளப்போகிறார், கொள்ளட்டும்.

என்னைக் கேட்டால், ஆனந்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு கண்ணாடிக் குழாய். இப்போது பால் சங்கங்களில் மெஷின் வைத்து நொடியில் கொழுப்பு சொல்லிவிடுகிறார்கள். முன்பு கெர்பர் சோதனைதான். குழாயில் முதலில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், அப்புறம் ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும், பால் கருஞ்சிவப்பாகிவிடும். மையச்சுழலியில் சுற்றி எடுத்தால் கழுத்துப் பக்கம் பொன்னிறத்தில் கொழுப்பு ஏறி நிற்கும். அந்தக் கோட்டைப் படித்து அதற்குத்தான் காசு. ஊற்றியது பெரிய பண்ணைக்காரரா, ஒற்றை எருமைக்காரியா என்று குழாய் கேட்காது. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில். இடைத்தரகர் கண்ணளவில் 'தண்ணிப் பாலும்மா' என்று விலையைக் குறைத்த காலம் அதோடு போயிற்று.

நமக்கு வாய்க்கவில்லையா? குரியன் பிறந்த கோழிக்கோடு 1921-இல் சென்னை மாகாணம். லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். கூட்டுறவும் நமக்குப் புதிதில்லை. ஆனந்துக்கு முன்பே அயனாவரத்தில் பால் கூட்டுறவு ஒன்றியம் இருந்தது. 1981-இல் ஆனந்த் பாணியிலேயே மாநில இணையமும் அமைத்தோம், அதுதான் ஆவின். 2023 மே மாதம் அமுல் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் வைத்து நம் மாவட்டங்களில் பால் வாங்க வந்தபோது, நிறுத்தச் சொல்லி அப்போதைய முதல்வர் ஸ்டாலின், மத்திய கூட்டுறவு அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாநிலக் கூட்டுறவு இன்னொன்றின் எல்லையில் நுழைவதில்லை என்ற பழைய வழக்கம் இருக்கிறது, அந்த நியாயம் புரிகிறது. ஆனால் கேடாக்காரர்கள் சண்டை போட்டதே, ஒருவருக்கு மட்டும்தான் பாலை விற்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துத்தான். அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து நம் மாவட்ட ஒன்றியங்களுக்கும் அனுப்பியிருக்கலாம், பால் பணத்தைத் தேதி தவறாமல் போடுங்கள் என்று அடியில் ஒரு வரி சேர்த்து.