'மனசுல எதுவும் வைச்சுக்க மாட்டேன்' என்றால் போதுமா?

கேள்வி: ஒரு குழுவுக்கு நான் பொறுப்பு. சட்டென்று கோபம் வரும், பத்து நிமிடத்தில் ஆறிவிடும். மனசில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் தவறு நடந்தால் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. கோபத்தை அடக்கிக்கொண்டே இருக்கலாமா? இரண்டு நாள் கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

பத்து நிமிடம் என்பது உங்கள் கணக்கு. திட்டு வாங்கியவர் அடுத்த முறை, "இன்னைக்கு மூடு எப்படி?" என்று பக்கத்து இருக்கையில் விசாரித்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார். சரியில்லை என்றால் நாளைக்குத் தள்ளிப்போடுவார். தவறு உங்களிடம் தாமதமாக வருவது இப்படித்தான். உங்கள் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. எப்போது வெடிப்பீர்கள் என்று பிடிபடவில்லை, அவ்வளவுதான். எப்போதும் கறாராக இருப்பவரிடம்கூடத் துணிந்து போய்ச் சொல்வார்கள்.

அடக்கலாமா? வேண்டாம். உளவியல் ஆய்வாளர் எமிலி பட்லர் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத பெண்களை இருவர் இருவராக, மனதைக் கலக்கும் படம் பார்த்துவிட்டுப் பேசச் சொன்னார்கள். ஒருவர் உணர்ச்சியைக் காட்டாமல் மறைத்தபோது, எதிரே இருந்தவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, நெருக்கமும் குறைந்தது. அதனால் வாய்விட்டே சொல்லுங்கள்: "எனக்குக் கோபம் வருது, கால் மணி நேரம் கழிச்சுப் பேசலாம்." சொன்னபடி நீங்களே தேடிப் போக வேண்டும். நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் மன்னிப்பும் அந்த நாலு பேர் முன்னால்தான்.

பயிற்சிக்கு வருகிறேன். அங்கே மூச்சுவிடச் சொல்லித்தருவார்கள், நல்லதுதான். ஆனால் கெடு முடியும் நேரத்தில் கெட்ட செய்தியோடு யாரும் அங்கே உங்கள் முன் வந்து நிற்கப்போவதில்லை. கையில் சான்றிதழ், அப்புறம் 'அடுத்த நிலை'க்கு வரச் சொல்லி போன். சேரச் சொன்ன நண்பருக்குக் கமிஷன் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். நிர்வாகங்களைச் சொல்ல வேண்டும்: வேலை தெரிந்தவரைத் தலைவராக்குவார்கள், ஆட்களை நடத்தச் சொல்லித்தர மாட்டார்கள், முடியாத கெடுவைத் தலையில் கட்டிவிட்டு மன அமைதி வகுப்புக்கு அனுப்புவார்கள்!

ஒன்றே ஒன்று. இந்தக் கோபம் எப்போதும் இருந்ததா, சமீபத்தில் வந்ததா? புதிது என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் மருத்துவர். தைராய்டு அதிகம் சுரந்தால் எரிச்சல் வரும். கூடவே படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும். மனச்சோர்வு சோகமாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். புதிதா என்று உங்களுக்கே தெரியாது, வீட்டில் கேளுங்கள்.

புதிதில்லை என்றால், ஒருநாள் குழுவில் யாராவது ஒரு சின்னத் தவறை நீங்கள் கேட்காமலே வந்து சொல்வார். உங்களை ஆழம் பார்க்கிறார். "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு" என்று ஆரம்பியுங்கள். ஏன், எப்படி எல்லாம் பிறகு. அன்று எரிந்து விழுந்தீர்களென்றால் மறுபடி முதலிலிருந்து.